இதயக் கருவி பொருத்தப்பட்ட நோயாளர்களின் உரிமைக்குரல்

இதயக் கருவி பொருத்தப்பட்ட நோயாளர்களின் உரிமைக்குரல் என்பது, இதயமுடுக்கி, உதறல்நீக்கி முதலிய மின்னணுக் கருவிகளை உடலுக்குள் தாங்கி வாழும் நாட்பட்ட இதயநோயாளர்கள் எழுப்பிவரும் கோரிக்கைகளைக் குறிக்கும். தம் கருவி எவ்வாறு இயங்குகிறது, அது எவற்றைப் பதிவு செய்கிறது, அதில் குறை இருப்பின் தமக்கு எப்போது சொல்லப்படும், அதன் அமைவுகளை யார் முடிவு செய்வது, வாழ்வின் இறுதியில் அதை நிறுத்தலாமா என்பன அவற்றுள் முதன்மையானவை. இக்கோரிக்கைகள் 2005 ஆம் ஆண்டுக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் வலுப்பெற்றன. நோர்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளிலும் ஒலித்தன. 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பதிப்புரிமைச் சட்டத்தில் மருத்துவக் கருவித் தரவுகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு, நோயாளர்கள் நேரடியாக வாதாடிப் பெற்ற மாற்றங்களுள் ஒன்றாகும்.

பின்புலம்

கருவிகளின் வகைகள்

இதயத்தின் துடிப்பை அதன் மேலறையில் உள்ள இயற்கையான மின்கணுவொன்று தொடங்கி வைக்கிறது. அங்கிருந்து மின்குறிப்பு கீழறைகளுக்குப் பரவும்போது தசை சுருங்கிக் குருதி வெளியேற்றப்படுகிறது. இக்குறிப்பு பிறப்பதிலோ பரவுவதிலோ தடை ஏற்பட்டால் துடிப்பு மிகவும் மெதுவாகும். நோயாளி மயங்கி விழ நேரிடும். பேஸ்மேக்கர் என்று மக்கள் வழங்கும் இதயமுடுக்கி, துடிப்பு குறையும்போது சிறிய மின்துடிப்பை அனுப்பித் தசையைச் சுருங்கச் செய்கிறது.

உதறல்நீக்கியின் பணி வேறு. மருத்துவமனைகளில் இதை ஐ.சி.டி. என்பர். கீழறைத் தசைகள் ஒழுங்கின்றி உதறத் தொடங்கினால் குருதியோட்டம் நின்றுவிடும். உதறல் நீக்கப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. உடலுக்குள் இருக்கும் உதறல்நீக்கி இந்நிலையைச் சில நொடிகளில் கண்டறிந்து, வலுவான மின்னதிர்ச்சியைக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்குகிறது. நினைவு தப்பாத நிலையில் இவ்வதிர்ச்சியைப் பெற்றவர்கள், மார்பில் குதிரை உதைத்தது போல் இருந்ததாகக் கூறுவதுண்டு. கருவி தவறாகக் கணித்து, தேவையில்லாத வேளையில் அதிர்ச்சி கொடுப்பதும் நிகழ்கிறது.

இவ்விரு கருவிகளும் பொதுவாகக் காறை எலும்பின் கீழ், தோலுக்கு அடியில் பொருத்தப்படுகின்றன. அவற்றிலிருந்து செல்லும் மின்கம்பிகள் சிரை வழியாக இதயத்துள் நுழைகின்றன. மின்கலம் தீரும் நிலையில் அறுவை செய்து கருவியை மாற்ற வேண்டும். ஆகவே இளம் வயதில் கருவி பெறும் ஒருவர் தம் வாழ்நாளில் பல கருவிகளைப் பெற நேரிடும்.

திரட்டப்படும் தரவுகள்

இக்கருவிகள் சிறு கணினிகளே. ஒவ்வொன்றிலும் நுண்செயலி, நினைவகம், மென்பொருள், மின்கலம், கம்பியில்லாத் தொடர்புப் பகுதி ஆகியன உள்ளன. துடிப்பு வீதம், சீரற்ற துடிப்பு ஏற்பட்ட நாளும் நேரமும், அவ்வேளையின் மின்வரைவு, கொடுக்கப்பட்ட அதிர்ச்சிகள், நோயாளியின் உடலியக்க அளவு, மின்கலத்தின் நிலை, கம்பியின் மின்தடை போன்றவை பதிவாகின்றன.

தொடக்கத்தில் இப்பதிவுகளை மருத்துவமனையில் மட்டுமே படிக்க முடிந்தது. நிரலாக்கி எனப்படும் தனிக் கணினியின் உணர்கோலை மார்பின் மீது வைத்துப் படிப்பர். அமைவுகளை மாற்றுவதும் அதன் வழியேதான். 2000 களின் தொடக்கத்தில் தொலைக்கண்காணிப்பு அறிமுகமானது. நோயாளியின் படுக்கைக்கு அருகில் வைக்கப்படும் பெட்டி, அவர் உறங்கும்போது கருவியிலிருந்து தரவுகளைப் பெற்று உற்பத்தி நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகிறது. மருத்துவர் அந்நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து அவற்றைக் காண்கிறார்.

இவ்வழியில் தரவு நோயாளியின் உடலில் பிறக்கிறது, நிறுவனத்திற்குச் செல்கிறது, பின்னர் மருத்துவருக்குச் செல்கிறது. நோயாளியிடம் திரும்பி வருவதற்கான பாதை இவ்வமைப்பில் முதலில் திட்டமிடப்படவில்லை. நோயாளர்களின் கோரிக்கைகளுள் பலவும் இவ்விடத்திலிருந்தே எழுகின்றன.

வரலாறு

முதல் இதயமுடுக்கி

உடலுக்குள் பொருத்தப்பட்ட இதயமுடுக்கியின் வரலாறு நோயாளர் தரப்பின் கோரிக்கையுடனேயே தொடங்குகிறது. சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் இதய மின்தடையால் நாளொன்றுக்குப் பலமுறை மயங்கி விழுந்து வந்தார். அவருடைய மனைவி எல்சு-மரியே, கரோலின்சுகா மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூன் எல்ம்குவிசுட்டையும் அணுகி, மனிதர்க்குப் பொருத்தத்தக்க கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர்கள் கூறியபோதும் விடாது வற்புறுத்தினார். 1958 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள் கருவி பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே இயங்கியதால் இரண்டாவது கருவி பொருத்த வேண்டியதாயிற்று.

லார்சன் அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பெற்று, 2001 ஆம் ஆண்டு டிசம்பரில் 86 ஆம் வயதில் இதயநோய் அல்லாத காரணத்தால் மறைந்தார். கருவியை வடிவமைத்த எல்ம்குவிசுட்டும் அறுவை செய்த சென்னிங்கும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

முதல் உதறல்நீக்கி

போலந்தில் பிறந்த மருத்துவர் மைக்கேல் மிரோவ்சுகி, 1966 ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் ஒருவரைக் கீழறைத் துடிப்புக் கோளாறால் இழந்த பின்னர், உடலுக்குள் வைக்கத்தக்க உதறல்நீக்கியை உருவாக்க முனைந்தார். மார்ட்டன் மோவர் முதலியோருடன் இணைந்து அவர் உருவாக்கிய கருவி, 1980 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் பால்ட்டிமோர் நகரின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் முதன்முதலாக மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

2005 ஆம் ஆண்டின் கருவித் திரும்பப்பெறல்

2005 ஆம் ஆண்டு மார்ச்சில், உதறல்நீக்கி பொருத்தப்பட்டிருந்த 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மிதிவண்டியில் சென்றபோது உயிரிழந்தார். அவருடைய கருவி, கைடன்ட் நிறுவனத்தின் வென்டாக் பிரிசம் 2 டி.ஆர். என்னும் வகையைச் சேர்ந்தது. உள்ளே ஏற்பட்ட குறுக்குச்சுற்றால் அது செயலிழந்திருந்தது. அவருக்கு மருத்துவம் பார்த்துவந்த மினியாப்பொலிசு மருத்துவர்கள் பாரி மாரனும் இராபர்ட் அவுசரும் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டனர். இதே குறைபாட்டை நிறுவனம் முன்னரே அறிந்திருந்ததும், 2002 ஆம் ஆண்டிலேயே உற்பத்தி முறையைத் திருத்திக்கொண்டதும், பழைய கருவிகளைத் தாங்கியிருந்தோருக்கோ அவர்களின் மருத்துவர்களுக்கோ அதைத் தெரிவிக்காததும் அப்போது வெளிப்பட்டன.

கருவியை மாற்றும் அறுவையால் விளையும் தீங்கு, கருவி பழுதாவதால் விளையும் தீங்கைவிட மிகுதி என்பது நிறுவனம் கூறிய காரணமாகும். இம்மதிப்பீடு சில நோயாளர்களுக்குப் பொருந்தக்கூடும். ஆயினும் அதை நோயாளரிடம் சொல்லாமலேயே அவருக்காக வேறொருவர் முடிவு செய்யலாமா என்பதே எழுந்த வினா. மே 24 அன்று நியூ யார்க் டைம்சு இதழில் செய்தி வெளியானது. ஜூன் மாதத்தில் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் கைடன்ட் நிறுவனத்தைப் பாஸ்டன் சயன்டிபிக் நிறுவனம் வாங்கியது. பாதுகாப்புத் தகவல்களை அரசுக்கு முறையாகத் தெரிவிக்காத குற்றத்தை ஒப்புக்கொண்ட கைடன்டிற்கு, 2011 ஆம் ஆண்டு ஜனவரியில் 296 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகை தண்டமாக விதிக்கப்பட்டது.

மின்கம்பிக் குறைபாடும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்

2007 ஆம் ஆண்டு அக்டோபரில் மெட்ரானிக் நிறுவனம், இசுப்பிரின்ட் பிடெலிசு எனப்படும் உதறல்நீக்கிக் கம்பிகளின் விற்பனையை நிறுத்தியது. இக்கம்பிகள் முறியும்போது எழும் மின்னிரைச்சலைக் கருவி இதய உதறல் என்று தவறாகக் கொண்டு தேவையற்ற அதிர்ச்சிகளைக் கொடுத்தது. உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. இதயத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்ட கம்பியை வெளியே எடுப்பது இடர் மிகுந்த அறுவையாதலால், கம்பியை அப்படியே விட்டுவிடுவதா, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதா, பழையதை நீக்குவதா என்னும் முடிவு ஒவ்வொரு நோயாளரையும் எதிர்கொண்டது.

சில மாதங்களில், 2008 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 அன்று, ரீகல் எதிர் மெட்ரானிக் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு குருதிக்குழாயை விரிக்கும் பலூன் வடிகுழாய் பற்றியது. நடுவண் அரசின் முழுமையான முன்-ஒப்புதல் பெற்ற மருத்துவக் கருவிகள் பாதுகாப்பற்றவை என்று கூறி மாநிலச் சட்டங்களின்படி இழப்பீடு கோர இயலாது என 8-1 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்யப்பட்டது. உதறல்நீக்கிகளும் அவ்வகை ஒப்புதல் பெறுபவையாதலால், நோயாளர்களுக்கு இருந்த முக்கிய வழியொன்று பெரிதும் அடைபட்டது. கருவி பழுதான பின் வழக்குத் தொடுப்பது கடினமான நிலையில், பழுதாகும் முன்பே அதைப் பற்றி அறியும் உரிமை கூடுதல் முதன்மை பெற்றது.

கோரிக்கைகள்

மூலநிரலைக் காணும் உரிமை

கேரன் சாண்ட்லர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் அறியப்பட்டவர். இதயத்தசை தடிக்கும் நோய் கொண்ட அவருக்கு உதறல்நீக்கி பொருத்துமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். கருவியில் இயங்கும் மென்பொருள் எது என்று அவர் வினவியபோது மருத்துவர்களிடம் விடை இல்லை. மூலநிரலைக் காட்டுமாறு உற்பத்தி நிறுவனங்களைக் கேட்டார். இரகசியம் காப்பதாக ஒப்பந்தமிடவும் முன்வந்தார். எந்நிறுவனமும் இசையவில்லை. இறுதியில், கம்பியில்லாத் தொடர்பு குறைந்த பழைய வகைக் கருவியொன்றைத் தேர்ந்து பொருத்திக்கொண்டார்.

2010 ஆம் ஆண்டு ஜூலையில், மென்பொருள் விடுதலைச் சட்ட மையத்தின் சார்பில், உடலுள் பொருத்தும் மருத்துவக் கருவிகளின் மென்பொருள் குறித்த ஆய்வறிக்கையை அவர் பிற ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். உணவு, மருந்து நிருவாகம் ஒப்புதல் அளிக்கும்போது மூலநிரலை வழக்கமாகக் கேட்டுப் பெறுவதில்லை என்பதையும், நிரலைப் பலரும் ஆராய வழியிருந்தால் பிழைகள் விரைவில் வெளிப்படும் என்பதையும் அது எடுத்துரைத்தது.

பின்னர் கருவுற்றிருந்தபோது தம் கருவி தேவையின்றி அதிர்ச்சி கொடுத்ததை அவர் பொதுமேடைகளில் விளக்கியுள்ளார். கருவுற்ற பெண்களுக்கு இதயத் துடிப்பு விரைவதும், இடையிடையே படபடப்பு ஏற்படுவதும் இயல்பே. ஆனால் உதறல்நீக்கி பெறுவோருள் பெரும்பாலோர் முதியோர், ஆண்களே மிகுதி. கருவிகளும் அவர்களை முன்னிட்டே வடிவமைக்கப்படுகின்றன என்பதும், பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட நோயாளர் கருவியின் நடத்தையை மாற்றக் கோர வழியில்லை என்பதும் அவருடைய வாதங்கள் ஆகும்.

தம் தரவைப் பெறும் உரிமை

கலிபோர்னியாவில் வாழும் ஊகோ காம்போசு என்பவருக்கு 2007 ஆம் ஆண்டில் உதறல்நீக்கி பொருத்தப்பட்டது. நடந்த அடிகள், உறங்கிய நேரம் போன்றவற்றை அளக்கும் எளிய கருவிகளின் தரவுகளைத் தாம் விரும்பியபோது பார்க்க முடிந்த நிலையில், தம் இதயத்துள் இருக்கும் கருவியின் தரவை மட்டும் பார்க்க இயலாதது அவருக்கு முரணாகப் பட்டது. எந்த நாளில், என்ன செய்துகொண்டிருந்தபோது துடிப்பு பிறழ்ந்தது என்பதைத் தம் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நோயைத் தூண்டும் காரணங்களைத் தாமே தவிர்க்கலாம் என்று அவர் கருதினார். ஆண்டுக்கு ஓரிரு முறை மருத்துவமனையில் பெறும் சுருக்கமான விளக்கம் இதற்குப் போதவில்லை.

2012 ஆம் ஆண்டில் அவர் மருத்துவக் காப்பீட்டை இழந்தார். கருவியைப் படிக்கவல்ல மருத்துவமனைக்குச் செல்வதே கடினமாயிற்று. அவர் பயன்படுத்தப்பட்ட நிரலாக்கி ஒன்றை ஈபே தளத்தில் விலைக்கு வாங்கினார். கருவிகளை இயக்கும் தொழில்நுட்பர்களுக்கான பயிற்சி வகுப்பிலும் சேர்ந்து பயின்றார். இந்நிகழ்வு பரவலாகப் பேசப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் அவரை அமெரிக்க வெள்ளை மாளிகை மருத்துவத் துறையில் மாற்றத்திற்கு உழைப்போருள் ஒருவராகச் சிறப்பித்தது.

அமைவுகளை அறியும் உரிமை

நோர்வேயைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மரியே மோவிற்கு 2011 ஆம் ஆண்டில் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. பின்னர் இலண்டன் சென்றிருந்தபோது, கவன்ட் கார்டன் சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தின் நீண்ட படிக்கட்டில் ஏறுகையில் மூச்சுத் திணறி நின்றுவிட்டார். அவருடைய துடிப்பு நிமிடத்திற்கு 160 என்னும் மேல்வரம்பை எட்டியவுடன் கருவி அதைப் பாதியாகக் குறைத்திருந்தது. வயதில் முதியோருக்குப் பொருந்தும் அவ்வரம்பு, இளையவரான அவருக்குப் பொருந்தவில்லை. காரணத்தைக் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. மருத்துவமனை நிரலாக்கியின் மென்பொருளில் இருந்த பிழையால், கருவியில் உள்ள அமைவும் திரையில் காட்டப்பட்ட அமைவும் வேறுபட்டிருந்ததே அதற்குக் காரணமாகும்.

தம் கருவியின் கையேட்டைப் படித்து, அதில் கம்பியில்லாத் தொடர்பு வசதி இருப்பதைப் பின்னரே தெரிந்துகொண்ட மோ, 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் செருமனியின் ஆம்பர்க்கு நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைப் பற்றி உரையாற்றினார். நோயாளர் கொண்டிருக்கும் அறிகுறிகளும் அவர் கேட்கும் கேள்விகளும் பிழையைக் கண்டறிய உதவும் சான்றுகள் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

கருவியை நிறுத்தும் உரிமை

உதறல்நீக்கி தாங்கிய ஒருவர் புற்றுநோய் போன்ற வேறொரு நோயால் இறக்கும் தறுவாயில் இருக்கலாம். அப்போது இதயம் உதறத் தொடங்கினால் கருவி தன் பணியைச் செய்யும். இயல்பாக நிகழும் இறப்பு அதிர்ச்சிகளால் துன்பம் மிகுந்ததாகும். 2004 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, உதறல்நீக்கியுடன் இறந்த 100 பேரின் நெருங்கிய உறவினரிடம் கருத்துக் கேட்டது. 27 பேர் தொடர்பில் மட்டுமே கருவியை நிறுத்துவது குறித்து மருத்துவர்கள் பேசியிருந்தனர். 8 பேர் இறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அதிர்ச்சி பெற்றிருந்தனர்.

2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இதயத் துடிப்புக் கழகம் வெளியிட்ட இணக்க அறிக்கை, நோயாளரோ அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமையுடையவரோ கேட்டுக்கொண்டால் கருவியை நிறுத்துவது அறநெறிக்கும் சட்டத்திற்கும் உட்பட்டதே என்று தெளிவுபடுத்தியது. அதிர்ச்சி கொடுக்கும் பணியை மட்டும் நிறுத்த அறுவை தேவையில்லை. நிரலாக்கியால் சில நிமிடங்களில் செய்துவிடலாம். நெருக்கடி வேளையில், மார்பின் மீது காந்தம் வைப்பதன் மூலம் பெரும்பாலான கருவிகளில் அதிர்ச்சியைத் தற்காலிகமாகத் தடுக்க இயலும்; துடிப்பை முடுக்கும் பணி தொடரும். இவ்வுரையாடல் கருவியைப் பொருத்தும் முன்பே தொடங்கப்பட வேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று.

பாதுகாப்பும் வெளிப்படைத்தன்மையும்

2008 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு, வாசிங்டன் பல்கலைக்கழகங்களையும் பாஸ்டன் மருத்துவமனையொன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள், உதறல்நீக்கி ஒன்றின் கம்பியில்லாத் தொடர்பை ஆய்வகத்தில் இடைமறித்தனர். மிக அருகில் இருந்து நோயாளியின் பெயரைப் படிக்கவும், அமைவுகளை மாற்றவும், அதிர்ச்சியை ஏவவும் முடியும் என்று அவர்கள் காட்டினர். ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் டிக் செய்னி, தம் உதறல்நீக்கியின் கம்பியில்லாத் தொடர்பை மருத்துவர் 2007 ஆம் ஆண்டில் நீக்கியமைத்ததாக 2013 ஆம் ஆண்டில் தெரிவித்தார்.

2017 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 இதயமுடுக்கிகளின் உட்பொதி மென்பொருளை இற்றைப்படுத்துமாறு அறிவிக்கப்பட்டது. இவை செயின்ட் சூடு மெடிக்கல் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு, அதை வாங்கிய அபாட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. இற்றைப்படுத்த ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஆகும். அவ்வேளையில் கருவி மாற்று முறையில் இயங்கும். மிகச் சிறிய அளவில் பழுது நேரும் வாய்ப்பும் இருந்தது. எனவே, அனைவருக்கும் கட்டாயமாக்காமல், நோயாளரும் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யுமாறு அறிவுறுத்தப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் நோயாளர் அறியாமல் எடுக்கப்பட்ட முடிவோடு ஒப்பிடுகையில், இம்மாற்றம் குறிப்பிடத்தக்கது.

சட்டங்களும் விதிகளும்

ஐக்கிய அமெரிக்கா

1998 ஆம் ஆண்டின் எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மின்னணுப் படைப்புகளுக்கு இடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. திரைப்படங்களையும் மென்பொருள்களையும் காக்க எழுந்த இத்தடை, மறையீடு செய்யப்பட்ட மருத்துவக் கருவித் தரவுகளுக்கும் பொருந்தக்கூடும் என்ற ஐயம் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இத்தடைக்கு விலக்குகள் வழங்கும் பொறுப்பு அந்நாட்டு நாடாளுமன்ற நூலகருக்கு உண்டு.

காம்போசு, சாண்ட்லர் ஆகியோரும் நீரிழிவு நோயுடன் வாழும் செரோம் இராட்கிளிப், பெஞ்சமின் வெசுட் ஆகியோரும் இணைந்து, ஆர்வர்டு பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தின் துணையுடன் விலக்குக் கோரி விண்ணப்பித்தனர். 2015 ஆம் ஆண்டு அக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டது. இதன்படி, உடலுக்குள் முழுமையாகவோ பகுதியாகவோ பொருத்தப்பட்ட கருவியும் அதன் கண்காணிப்புப் பெட்டியும் வெளியிடும் தரவுகளை நோயாளர் பெற முயல்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. கருவியின் மின்கலம் வீணாகாதிருக்க, கருவி தானாக அனுப்பும் குறிப்புகளை மட்டுமே படிக்கலாம் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விலக்கு 2018 ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு, 2021 ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது.

இவ்விலக்கு தடையை நீக்குகிறதே தவிர, தரவைக் கொடுக்குமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. 2017 ஆம் ஆண்டு அக்டோபரில் உணவு, மருந்து நிருவாகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அத்தகையதே. நோயாளர் கேட்டால் அவருடைய தரவை நிறுவனங்கள் முன் அனுமதியின்றித் தரலாம் என்று அது கூறுகிறது. அதே மாதத்தில் அந்நிருவாகத்தின் நோயாளர் ஈடுபாட்டு அறிவுரைக் குழு முதன்முறையாகக் கூடியது. 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், மின்னணு மருத்துவப் பதிவுகளை நோயாளருக்குத் தடையின்றி வழங்குவது மருத்துவமனைகளின் கடமையாயிற்று. 2022 ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், இணையத்துடன் இணையவல்ல புதிய மருத்துவக் கருவிகளுக்கு ஒப்புதல் கோரும் நிறுவனங்கள் அவற்றில் உள்ள மென்பொருள் கூறுகளின் பட்டியலை அரசிடம் அளிக்க வேண்டும் என்று விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியம்

2018 ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒருவர் தம்மைப் பற்றிய தரவின் படியைக் கேட்டுப் பெற உரிமை அளிக்கிறது. உடல்நலத் தரவும் இதனுள் அடங்கும். இணைப்புடைய கருவிகளின் பயனர்க்குத் தரவு அணுக்கம் அளிக்கும் தரவுச் சட்டம் 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ளது.

இந்தியா

இந்தியாவில் பொருத்தப்படும் உதறல்நீக்கிகளுள் பல, மேற்கண்ட பன்னாட்டு நிறுவனங்களின் கருவிகளே. ஆதலால் மேலே கூறிய வினாக்கள் இங்குள்ள நோயாளர்க்கும் பொருந்தும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளரோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்யும் நாடு தழுவிய திட்டம் 2015 ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தரநூல் ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர்கள் மட்டுமன்றி நோயாளர்களும் இதில் முறையிடலாம்.

மாற்றுக் கருத்துகள்

தரவுகளை நோயாளர்க்கு நேரடியாக வழங்குவதில் சிக்கல்கள் உள்ளன என்று உற்பத்தி நிறுவனங்களும் மருத்துவருள் ஒரு பகுதியினரும் கருதுகின்றனர். அவற்றுள் சில வருமாறு:

* பயிற்சி இல்லாதவர் மின்வரைவைத் தவறாகப் புரிந்துகொண்டு அஞ்சக்கூடும். அல்லது ஆபத்தான அறிகுறியைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும்.
* கருவியுடன் அடிக்கடி தொடர்பு கொண்டால் மின்கலம் விரைவில் தீரும். மாற்று அறுவை முன்கூட்டியே தேவைப்படும்.
* அணுகும் வழிகள் பெருகினால் தாக்குதலுக்கான வழிகளும் பெருகும்.
* நள்ளிரவில் வந்த தரவை மருத்துவர் எப்போது பார்க்க வேண்டும், பார்க்கத் தவறினால் பொறுப்பு யாருடையது என்பன தெளிவாக வரையறுக்கப்பட வேண்டியவை.

நோயாளர் தரப்பினர் இவற்றை முற்றிலும் மறுப்பதில்லை. தரவைப் படிப்பதும் கருவியின் அமைவை மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், தாம் முதலில் கோருவது படிக்கும் உரிமையையே என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். தொலைக்கண்காணிப்பால் ஏற்கெனவே நிறுவனத்தின் வழங்கியில் சேர்ந்துவிட்ட தரவின் படியைத் தருவதால் மின்கலம் தீர்வதில்லை. நீரிழிவு நோயாளர்கள் குருதிச் சர்க்கரை அளவைத் தாமே அளந்து மருந்தின் அளவை முடிவு செய்வது நெடுநாளாக வழக்கில் உள்ளது என்பதையும் அவர்கள் ஒப்பிட்டுக் கூறுகின்றனர்.

தற்போது நிறுவனங்கள் சில, நோயாளர்க்கான கைப்பேசிச் செயலிகளை வழங்குகின்றன. கருவியின் பெயர், மின்கலத்தின் நிலை, தரவு அனுப்பப்பட்டதா என்ற விவரம் போன்றவற்றை இவை காட்டுகின்றன. மருத்துவர் காணும் முழுமையான மின்வரைவை நோயாளர் காண்பது இன்னும் பொது வழக்காகவில்லை.

நோயாளர் கேட்டறியத்தக்கவை

கருவி பொருத்தும் முன்னும் பின்னும் மருத்துவரிடம் கேட்டுத் தெளியத்தக்க வினாக்களாகப் பொதுவாகப் பின்வருவன கூறப்படுகின்றன:

* கருவியின் நிறுவனம், வகை, வரிசை எண் ஆகியவை அடங்கிய அடையாள அட்டை எங்கே கிடைக்கும்?
* என் வயதுக்கும் உழைப்புக்கும் ஏற்பத் துடிப்பின் கீழ்வரம்பும் மேல்வரம்பும் அமைக்கப்பட்டுள்ளனவா?
* ஒருமுறை அதிர்ச்சி ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்? தொடர்ந்து பலமுறை ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்?
* ஒவ்வொரு பரிசோதனையின் அறிக்கைப் படியும் எனக்குக் கிடைக்குமா?
* தொலைக்கண்காணிப்பில் சேரும் தரவை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்?
* கருவியில் குறை அறிவிக்கப்பட்டால் எனக்கு யார் தெரிவிப்பார்?
* எந்நிலையில் கருவியை நிறுத்துமாறு கேட்கலாம்? என் விருப்பத்தை யாரிடம் எழுதி வைக்க வேண்டும்?

இவற்றைக் கேட்பது மருத்துவரின் திறமையை ஐயுறுவதாகாது. மருத்துவர் நோயாளரைச் சில நிமிடங்களே காண்கிறார்; படியேறும்போது மூச்சுத் திணறுவதையும் இரவில் படபடப்பதையும் அறிந்தவர் நோயாளரே. அவ்விரு அறிவும் சேரும்போதுதான் கருவி அந்த ஒருவருக்கு ஏற்றதாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

* இதயம்
* செயற்கை இதயமுடுக்கி
* மின் இதயத் துடிப்பு வரைவு
* கட்டற்ற மென்பொருள்
* நோயாளர் உரிமைகள்